சூட்டுக் கம்பிச் சுருள்: பழுதுகளின் வழியே ஒரு வரலாறு

மின்சாரத்தால் சூடாகும் கம்பிச் சுருளுக்கு வரும் பழுதுகளில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கும். கம்பி ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மீறிப் பழுக்கும். முனையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து லூஸ் காண்டாக்ட் ஆகும். சூடும் காற்றும் சேர்ந்து கம்பியின் மேல்தோலை அரிக்கும். 1890-களின் மின்னடுப்பிலும், பிற்காலத்தில் விடுதி அறைகளில் எரிந்த காயில் அடுப்பிலும், 2010-களில் வேப் எனப்படும் மின்சிகரெட் கருவிகளுக்காகக் கையால் சுற்றப்பட்ட மிளகுப் பருமனுள்ள சுருளிலும் இதே மூன்றுதான். கம்பி மாறியது, அளவு மாறியது, பயன்படுத்துபவர் மாறினார். பழுது மாறவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதே பழுதைப் புதிதாகச் சந்தித்து, தன் கையால் ஒரு வழி கண்டது.

இந்தப் பழுதுகளின் வேரை முதலில் அளந்து சொன்னவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இங்கிலாந்தின் ஸால்ஃபோர்டு ஊரில் பீர் வடிசாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். வெவ்வேறு பருமனுள்ள செப்புக் கம்பிகளைச் சுருளாக்கித் தண்ணீரில் மூழ்க வைத்து, மின்சாரம் பாயப் பாயத் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று வெப்பமானியால் அளந்தார். 1841-இல் வெளியான அவருடைய கட்டுரை ஒரு விதியைச் சொன்னது. கம்பியில் பிறக்கும் வெப்பம் அதன் மின்தடைக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் உறவை ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் 1827-லேயே சொல்லிவிட்டிருந்தார். இரண்டையும் சேர்த்தால் சுருள் கட்டுபவருக்கு வேண்டிய கணக்கு முழுவதும் கையில் வந்துவிடும்.

முதல் பழுதின் காரணமும் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கம்பியில் ஓடும் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் கம்பி எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே மின்தடை கூடுதல், அதனால் சூடும் கூடுதல். சூடு கூடிய இடத்தைக் காற்று வேகமாக அரிக்கும். அரித்த இடம் மேலும் மெலியும். மெலிந்த இடம் மேலும் சூடேறும். நோய் தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்கிறது. கடைசியில் அந்த இடத்தில்தான் கம்பி அறும். அறுந்த சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும். ஓரிடம் மட்டும் உருகி முனை உருண்டிருக்கும்.

விதி 1841-இல் கிடைத்தும், நம்பி வாங்கக்கூடிய மின்னடுப்பு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. முட்டுக்கட்டை கம்பியில் இருந்தது. பிளாட்டினம் சூட்டைத் தாங்கும், துருப்பிடிக்காது, ஆனால் சாதாரண வீட்டுக்கு எட்டாத விலை. இரும்பு மலிவு, பழுக்கக் காய்ந்தால் செதில் செதிலாக உதிர்ந்து சில நாளில் அறுந்துவிடும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வரின் மின்தடை போதுமானது; ஆனால் செந்நிறச் சூட்டில் அது நெடுநாள் நிற்காது. இங்கிலாந்தில் கர்னல் கிராம்ப்டனும் ஹெர்பர்ட் டவுசிங்கும் 1890-களில் வேறு வழியில் போனார்கள். கம்பியை எனாமலில் புதைத்து வார்ப்பிரும்புத் தகட்டோடு ஒட்டினார்கள். காற்று படாவிட்டால் அரிக்காது என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் சரி. ஆனால் இரும்பு ஓர் அளவு விரியும், எனாமல் வேறோர் அளவு விரியும், கம்பி மூன்றாவது அளவு விரியும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி எனாமலில் விரிசல் விழும். விரிசல் வழியே காற்று புகுந்த இடத்தில் கம்பி போகும். புதைத்த கம்பியை எடுத்து மாற்ற வழியில்லாததால் தகடு முழுவதும் வீணாகும். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் முழு மின்சாரச் சமையலறை ஒன்று கட்டிக் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் வியந்தார்கள். வீட்டுக்கு வாங்கிப் போகும் அளவுக்குக் கம்பி இன்னும் தேறியிருக்கவில்லை.

தேறிய கம்பி சிகாகோவிலிருந்தே வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ஆல்பர்ட் மார்ஷ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் உலோகக் கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்த கலவை, பழுக்கக் காய்ந்த நிலையிலும் அறாமல் நெடுநேரம் நின்றது. 1906 பிப்ரவரியில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹாஸ்கின்ஸ் நிறுவனம் இந்தக் கலவைக்கு வைத்த பெயர் குரோமெல். நியூ ஜெர்சியின் டிரைவர்-ஹாரிஸ் நிறுவனம் தன் கம்பிக்கு வைத்த நிக்ரோம் என்ற பெயர்தான் பின்னால் உலகம் முழுவதும் வழக்கானது. தமிழ்நாட்டின் எலக்ட்ரிகல் கடைகளிலும் அதே பெயர்தான். 1909-இல் ஜெனரல் எலக்ட்ரிக் விற்பனைக்குக் கொண்டுவந்த டோஸ்டர், வீடுகளில் நிலைத்த முதல் மின்சூட்டுக் கருவிகளில் ஒன்று. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், முடி உலர்த்தி என்று பின்னால் வந்த வரிசை முழுவதும் இந்தக் கலவையால் சாத்தியமானது. மார்ஷின் பெயர் எடிசன் பெயர்போலப் பரவாதது நியாயமில்லை. இருபதாம் நூற்றாண்டின் சமையலறையை மாற்றியவர்களில் அவர் முன்வரிசையில் இருக்க வேண்டியவர்.

நிக்ரோம் துருப்பிடிக்காத உலோகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். அது உடனே துருப்பிடிப்பதால்தான் பிழைக்கிறது. முதல் முறை பழுக்கும்போதே மேற்பரப்பிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய, அடர்ந்த படலமாகிவிடும். அந்தப் படலத்தைத் தாண்டி ஆக்சிஜன் எளிதில் உள்ளே போக முடியாது. இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிவிடும். குரோமியத்தின் துரு ஒட்டிக்கொண்டு காவல் காக்கும். சுருள் சூடேறி ஆறும்போது படலம் அங்கங்கே விரியும், உள்ளிருக்கும் குரோமியம் மேலே வந்து விரிசலை மூடும். குரோமியம் தீரும்வரை இந்தச் செப்பனிடல் நடக்கும். தீர்ந்த இடத்தில் பழைய நோய் தொடங்கும். படலம் மின்சாரத்தையும் எளிதில் கடத்தாது. இந்த இரண்டாவது குணம் அன்று யாருக்கும் பெரிதாகப் படவில்லை. நூறு ஆண்டு கழித்து வேப் சுருள் கட்டியவர்களுக்கு அதுவே உயிரானது.

அடுத்த பெரிய மாற்றம் ஸ்வீடனில் நடந்தது. ஹால்ஸ்தாஹம்மர் என்ற இரும்பாலை ஊரில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ என்பவர் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்து ஒரு கம்பியை உருவாக்கினார். தன் பெயரின் முன்பாதியையும் ஊர்ப்பெயரின் முன்பாதியையும் சேர்த்து அதற்குக் கான்தால் என்று பெயர் வைத்தார். 1931-இல் அந்தப் பெயரிலேயே நிறுவனம் பிறந்தது. இதில் நிக்கல் இல்லை, அதனால் விலை குறைவு. மேலே படிவது அலுமினியத்தின் ஆக்சைடு. அது குரோமியத்தின் படலத்தைவிட உறுதியாக ஒட்டும். அதனால் நிக்ரோம் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ்வரை தாங்கினால், கான்தாலின் உயர்ந்த வகைகள் 1400 டிகிரிவரை தாங்கும். உலைகளுக்கு இது வரமாக வந்தது. ஒரு குறையும் கூடவே வந்தது. ஒருமுறை நன்றாகப் பழுத்து ஆறிய கான்தால், உள்ளே மணிகள் பருத்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆறிய பின் வளைத்தால் பட்டென்று முறியும். நிக்ரோம் அப்படி இல்லை. பழுத்து ஆறிய பிறகும் வளையும், இழுத்தால் நீளும்.

நிக்ரோமின் அந்த வளையும் குணத்தைத் தமிழ்நாட்டில் கையால் அறிந்தவர்கள் ஏராளம். வெள்ளைப் பீங்கான் வட்டத்தில் சுழல் சுழலாகப் பள்ளம் வெட்டி, அதற்குள் ஸ்பிரிங்போல் சுருட்டிய கம்பியைப் படுக்க வைத்த காயில் அடுப்பு, கல்லூரி விடுதிகளிலும் ஒற்றையறை வாடகை வீடுகளிலும் நெடுங்காலம் எரிந்தது. விடுதிகளில் பெரும்பாலும் வார்டனுக்குத் தெரியாமல். பால் பொங்கி வழிந்தால், உப்புக் கலந்த குழம்பு சிந்தினால், அந்த இடத்தில் கம்பியின் காவல் படலம் கெடும். சில நாளில் அங்கேயே அறும். அறுந்ததும் புதுக் காயில் வாங்காமல், இரண்டு முனைகளையும் ஓரிரு சுற்று இழுத்து நிமிர்த்தி, ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டி முறுக்கிவிடுவார்கள். அடுப்பு உடனே எரியும். முன்பைவிடச் சற்று வேகமாகவே எரியும்.

வேகமாக எரிவதன் கணக்கு எளிது. 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் சுருளின் மின்தடை ஏறத்தாழ 53 ஓம். அறுந்த இடத்தைக் கழித்துக் கட்டியதில் பத்தில் ஒரு பங்கு கம்பி போனால் மின்தடை 48 ஓமுக்குச் சற்றுக் கீழே இறங்கும், வாட் 1100-ஐத் தாண்டும். மிச்சமிருக்கும் கம்பியின் ஒவ்வோர் அங்குலமும் முன்பைவிடக் கூடுதலாகச் சுடும். அதோடு முறுக்கிய இடத்தில் கம்பியும் கம்பியும் படலத்தின் வழியே தொடுகின்றன; படலம் மின்சாரத்தைத் தடுப்பதால் அந்த முடிச்சே புதிய சூட்டு மையமாகும். அடுத்த முறை அறுவது பெரும்பாலும் முடிச்சிலோ அதன் பக்கத்திலோதான். மூன்றாவது முடிச்சு விழுந்த அடுப்பு தூக்கிப் போட வேண்டிய அடுப்பு. திறந்த கம்பியில் மின்சாரம் ஓடும் இந்த அடுப்பின் மேல், அடி நசுங்கிய அலுமினியப் பாத்திரம் காயிலைத் தொட்டால் பாத்திரத்தைத் தொட்டவருக்கு ஷாக். இது பலருக்கும் பட்டறிவு, சிலருக்கு உயிர்ச்சேதம்.

கையால் சுருள் கட்டும் பழக்கம் மறுபடி உலகளாவிய ஒரு கைவேலையாகக் கிளம்பியது மின்சிகரெட்டால். மின்சூட்டில் ஆவி எடுக்கும் எண்ணம் பழையது. மருந்தை ஆவியாக்கும் சிறு கருவிக்கு ஜோசப் ராபின்சன் 1930-இலும், புகையிலை இல்லாத சிகரெட்டுக்குப் பென்சில்வேனியாவின் ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-இலும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். இரண்டும் கடைக்கு வரவில்லை. அந்த அளவில் அடங்கும் நல்ல பேட்டரி அன்று இல்லை. சீனாவின் ஷென்யாங் நகரத்து மருந்தியலாளர் ஹோன் லிக் 2003-இல் உருவாக்கிய கருவிதான் சந்தைக்கு வந்தது. அவருடைய காப்புரிமை மீயொலி அதிர்வால் நிகோட்டின் திரவத்தை நுண்துளிகளாக்குவதைச் சொன்னது. சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் நிலைத்தது எளிய வழி: திரவம் உறிஞ்சும் திரி, அதைச் சுற்றிய நிக்ரோம் சுருள், பக்கத்தில் ஒரு லித்தியம் பேட்டரி.

தொடக்கக் கருவிகளில் சுருள் சில வாரங்களில் கருகிவிடும். தலைப்பகுதியை முழுவதும் எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். வாங்கி வாங்கி அலுத்தவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஒரு சாண்கூட இல்லாத கம்பியும் ஒரு நூலும்தான். தாங்களே கம்பி வாங்கிச் சுற்றத் தொடங்கினார்கள். 2010-க்குப் பிறகு, சுருளைக் கழற்றி மாட்டத் தூண்களும் திருகுகளும் வைத்த அட்டமைசர் எனும் தலைப்பகுதிகளைச் சிறு பட்டறைகளும், பின்னர் சீனாவின் ஷென்சென் ஆலைகளும் செய்தன. உலைகளுக்கென்று ஸ்வீடனில் பிறந்த கான்தால், தலைமுடியைவிடச் சில மடங்கு தடித்த கம்பியாக இந்தக் கைவேலைக்கு வந்து சேர்ந்தது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஆட்களை மிகவும் படுத்திய வகை, ஜெனிசிஸ் எனப்பட்ட அட்டமைசர். அதில் திரி நூலல்ல. துருப்பிடிக்காத எஃகுச் சல்லடைத் துணியைப் பீடிபோல் இறுகச் சுருட்டியது. சல்லடையும் உலோகம், சுற்றிய கம்பியும் உலோகம். கம்பி சல்லடையைத் தொட்ட இடத்தில் மின்சாரம் கம்பியை விட்டுச் சல்லடைக்குள் குறுக்குவழி பிடிக்கும். சுருளில் ஒரு சுற்று மட்டும் வெள்ளையாகப் பழுக்கும், மற்றவை கறுத்துக் கிடக்கும். இதற்குக் கண்ட மருந்து, சல்லடையை டார்ச் சுவாலையில் பலமுறை பழுக்கக் காய்ச்சி எடுப்பது. காய்ச்சக் காய்ச்ச அதன்மேல் ஆக்சைடு படலம் ஏறும். படலம் மின்சாரத்தைத் தடுக்கும். பிறகு கம்பியைச் சுற்றி, பேட்டரியை விட்டு விட்டு அழுத்தி, பழுக்கும் சுற்றை மெல்லிய கருவியால் அரை மயிரளவு நகர்த்துவார்கள். மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். பொறுமையுள்ளவர்களுக்கு அரை மணியில் சீராகும். மார்ஷின் கம்பியைக் காத்த அதே துருப் படலத்தை இவர்கள் கையால் வளர்த்துக்கொண்டார்கள்.

திரி பஞ்சாக மாறியபோது வேலை எளிதானது. பஞ்சு மின்சாரத்தைக் கடத்தாது. சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு நெருக்கமாக நிற்கும் சுருள் பரவியதும் அப்போதுதான். தொட்டால் ஷார்ட் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. புதுக் கம்பியில் ஆகும். அதைச் சரிசெய்யும் முறையை அருகில் நின்று பார்த்தால் விளங்கும். துரப்பண ஊசி ஒன்றின் தண்டில் கம்பியை ஏழு சுற்று சுற்றி, இரு கால்களையும் திருகில் இறுக்கி, குறைந்த வாட்டில் ஒரு நொடி அழுத்துகிறார்கள். முதல் அழுத்தில் ஓரச் சுற்று ஒன்று மட்டும் பழுக்கிறது. கையை எடுத்துவிட்டு, பீங்கான் முனை இடுக்கியால் சுருளைப் பக்கவாட்டில் மெல்ல நெருக்குகிறார்கள். மீண்டும் அழுத்து, மீண்டும் நெருக்கு. ஒவ்வொரு முறையும் சுற்றுகளுக்கு நடுவே அலுமினிய ஆக்சைடு படலம் வளர்கிறது, மின்சாரம் குறுக்கே தாவ முடியாமல் கம்பி வழியே சுற்றிப் போகத் தொடங்குகிறது. ஏழெட்டு அழுத்துக்குப் பின் சுருளின் நடுச் சுற்று முதலில் சிவந்து, சிவப்பு இரு பக்கமும் ஒரே சீராகப் பரவுகிறது. நடுவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு: ஓரச் சுற்றுகளின் சூட்டை உலோகத் தூண்கள் உறிஞ்சிவிடும். ஆகவே ஓரம் முதலில் சிவந்தால் பழுது, நடு முதலில் சிவந்தால் சுகம். எந்த மீட்டரும் இல்லாமல் கண்ணால் அறியும் சோதனை இது.

கணக்கையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 0.32 மில்லிமீட்டர் கான்தால் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம். 3 மில்லிமீட்டர் தண்டில் ஏழு சுற்றும் இரு கால்களும் சேர்ந்தால் 83 மில்லிமீட்டர் கம்பி, அதாவது 1.5 ஓம். 4 வோல்ட்டில் அது 11 வாட் அளவுக்குச் சூடு தரும். அதே சுருளை இரண்டாகக் கட்டி இணையாக மாட்டினால் மின்தடை பாதி, மின்னோட்டம் இருமடங்கு. அதிக ஆவி வேண்டி ஆட்கள் ஓர் ஓமுக்குக் கீழே, 0.3 ஓம்வரை இறங்கினார்கள். அங்கேதான் இரண்டாவது பழுது பெரிய உருவம் எடுத்தது. தளர்ந்த திருகு 0.1 ஓம் கூட்டினால், 1.5 ஓம் சுருளில் அது கணக்கிலேயே வராது. 0.3 ஓம் சுருளில் அது மூன்றில் ஒரு பங்கு. மீட்டரில் எண் நிலையாக நிற்காமல் துள்ளினால், சுருளைப் பிரிக்கும் முன் திருகைப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். இறுக்கும்போது கால் முறிந்தால் இரண்டாவது பாடம்: அது பழுத்து ஆறிய கான்தால், நொறுங்கும் இயல்புடையது, திருகைக் குறை சொல்லிப் பயனில்லை.

2014-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து எவால்வ் நிறுவனம் வெளியிட்ட மின்சுற்று, சுருளின் வெப்பநிலையையே கட்டுப்படுத்தியது. தூய நிக்கல் கம்பியின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 சதவீதம் கூடும். 200 டிகிரியில் அது அறைச் சூட்டில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கருவி அந்த ஏற்றத்தை அளந்து வெப்பநிலையைக் கணக்கிட்டது. திரி காய்ந்தால் மின்சாரத்தைத் தானே குறைத்தது. நல்ல யோசனை. ஆனால் திருகு தளர்ந்து கூடிய மின்தடையையும் அது வெப்பம் என்றே எடுத்துக்கொண்டது. சுருள் குளிர்ந்திருக்கும்போதே போதும் என்று நிறுத்திவிடும். அல்லது தவறான தொடக்க அளவை நம்பி மிகையாகக் காய்ச்சும். நெருக்கிச் சுற்றும் பழைய முறையும் நிக்கலுக்கு உதவவில்லை; காவல் படலம் வளர்க்க அதைப் பழுக்க வைக்கக் கூடாது. இடைவெளி விட்டுச் சுற்றினார்கள். இதே வேலைக்குப் பயன்பட்ட டைட்டானியக் கம்பியையும் பழுக்க வைப்பது ஆபத்து.

இதே காலத்தில் கைவேலை கலையாகவும் வளர்ந்தது. தடித்த கம்பியின் மேல் மெல்லிய கம்பியைக் கிட்டார் தந்திபோல் இறுகச் சுற்றிய சுருளுக்குக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரால் கிளாப்டன் காயில் என்று பெயர். கைத்துரப்பணத்தில் ஒரு முனையை மாட்டி, தூண்டில் கயிற்றுக்குப் பயன்படும் சுழல்கொக்கியில் மறுமுனையைப் பிடித்து, மெல்லிய கம்பியை விரலால் வழிநடத்திச் சுற்றுவார்கள். ஒரு சுற்று ஏறி விழுந்தாலும் முழுக் கம்பியும் வீண். அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் மலேசியாவிலும் இதை ஜோடி ஜோடியாகக் கட்டி விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரின் விரல் எதை அறியுமோ அதையே இவர்கள் விரலும் அறிந்தது: இழுவிசை சீராக இருந்தால் சுற்று சீராக விழும். கம்பி கனத்ததால் புதுக் குறையும் வந்தது. கனத்த சுருள் சூடேற நேரம் பிடிக்கும். இரண்டு சுருளில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். கால்களின் நீளத்தை ஒரே அளவாக வெட்டுவதே அதற்குத் தீர்வு.

இந்தத் திறமை முழுவதும் ஆபத்தின் ஓரத்தில் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. எந்த மின்சுற்றுப் பாதுகாப்பும் இல்லாத வெறும் உலோகக் குழாய்க் கருவிகளில், சுருளின் கால் ஒன்று உலோக அடித்தளத்தைத் தொட்டாலே பேட்டரி முழு வேகத்தில் வெளியேறும். காயில் அடுப்பில் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். இங்கே ஃபியூஸ் இல்லை, வெடிப்பது பேட்டரி, அது இருப்பது முகத்துக்கு முன்னால். 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சாஸிலும் வெடித்த கருவிகளால் இருவர் உயிரிழந்தனர்.

வெடிக்காத கருவியும் தீங்கற்றதல்ல. திரி காய்ந்த நிலையில் சுருள் சூடேறினால் திரவத்திலுள்ள கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளைத் தரும். கருகிய வாடை அதன் அறிகுறி. 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயனர்களின் கருவிகளைச் சோதித்து, சுருளைத் தொட்ட பின் ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல், மாங்கனீசு கூடியிருப்பதைக் கண்டனர். அடுப்பில் காவல் காத்த அதே குரோமியமும் நிக்கலும் இங்கே நுரையீரலுக்குப் போகின்றன. சீராகச் சிவக்கும் சுருள் நல்ல கைவேலைக்குச் சான்று, அவ்வளவுதான். அதிலிருந்து வரும் ஆவி நல்லது என்பதற்கு அது சான்றாகாது. நிகோட்டின் எந்தச் சுருளில் ஏறி வந்தாலும் அடிமையாக்கும்.

சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2016 மே மாதம் முதல் திரவத் தொட்டியை 2 மில்லிலிட்டருக்கும் நிகோட்டினை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கட்டுப்படுத்தின. அமெரிக்காவில் 2016 ஆகஸ்டு முதல், வாடிக்கையாளருக்காகக் கருவியை மாற்றிக் கட்டித் தரும் கடைக்காரர் சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர் ஆனார். கடை மேசையில் சுருள் கட்டிக் கொடுக்கும் வழக்கம் அதோடு தளர்ந்தது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கருவியை வைத்திருப்பதே குற்றம். தமிழ்நாடு 2018-இல் தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாகவும் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் இந்தியா முழுவதும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் தடை செய்யப்பட்டன. முதல் குற்றத்துக்கு ஓராண்டுவரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

கைவேலையை உண்மையில் முடித்தது சட்டம் மட்டுமல்ல. ஆலையில் அச்சடித்த மெல்லிய உலோகச் சல்லடைப் பட்டை கம்பிச் சுருளின் இடத்தைப் பிடித்தது. அது பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் சூடேறுவதால் ஓரிடம் மட்டும் பழுக்கும் பழைய தொல்லை குறைந்தது. ஆனால் அதைப் பிரிக்க முடியாது. 2015-க்குப் பின் பரவிய, திரவக் கூட்டை மாட்டும் சிறு பாட் கருவிகளும் அவற்றைத் தொடர்ந்த ஒருமுறை எறியும் கருவிகளும் பழுது பார்ப்பதையே தேவையற்றதாக்கின. பேட்டரியோடு குப்பைக்குப் போன அந்தக் கருவிகளின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் தடை செய்தது. கான்தால் கம்பி ஹால்ஸ்தாஹம்மரில் இன்றும் இழுக்கப்படுகிறது; இன்றும் உலைகளுக்குப் போகிறது.